சானல் தண்ணீரில் ஓர் ஈசல்: முடியால் சிறகு வைத்த மிதவை ஈயைக் கட்டுவதும் மிதக்கவிடுவதும்

கன்னிப்பூ என்னும் முதல் போக நெல் சாகுபடிக்காகச் சானலில், அதாவது பாசனக் கால்வாயில், தண்ணீர் திறந்துவிட்ட பிறகு, ஒரு மாலை மழை ஓய்ந்து ஈசல் கிளம்பும் நேரத்தில் கரையில் நின்றவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள்: தண்ணீரின் மேல்பரப்பு முழுவதும் சின்னச் சின்ன வட்டங்களாக மலர்ந்துகொண்டிருக்கும், மீன்கள் மேலே வந்து, விழுந்து தத்தளிக்கும் ஈசல்களை உறிஞ்சிக்கொண்டிருக்கும், அதே நேரத்தில் இரண்டடி ஆழத்தில் புழு குத்தித் தொங்கும் நம் தூண்டிலைச் சீண்ட ஒரு மீனும் இருக்காது. மீன் மேலே பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் இரையைக் கீழே வைத்துக் காத்திருப்பதில் பொருளில்லை. அந்த வேளைக்கென்றே உள்ளதுதான், தூண்டில் பிரியர்கள் டிரை ஃபிளை என்று சொல்லும் மிதவை ஈ. கொக்கியின் மேல் நூலும் இறகும் முடியும் சுற்றி, தண்ணீரில் விழுந்த பூச்சியைப் போல மிதக்கும்படி செய்யப்படுவது அது. அதில் முடியால் சிறகு வைக்கும் வகையைப் புதியவர் ஒருவர் தன் வீட்டு மேசையில் கட்டி, குமரி மாவட்டத்து நீரில் பயன்படுத்துவது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், சிறகுக்கு ஏன் முடி? பழைய மிதவை ஈக்களுக்கு இறகுத் துணுக்குகளால்தான் சிறகு வைத்தார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு மீன் கடித்து அதன் வழுவழுப்பு ஒட்டியதும் நனைந்து குழைந்து மூழ்கிவிடும். அமெரிக்கத் தூண்டில்காரரான லீ உல்ஃப் 1930 வாக்கில் மான்வால் முடியைச் சிறகாக நிமிர்த்தி வைத்துக் கட்டிய ஈக்கள், வேகமான நீரிலும் பல மீன்களுக்குப் பிறகும் மிதந்தன; அந்த வரிசை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் 1957இல் ஆல் ட்ரோத் என்பவர் எல்க் மானின் முடியை உடலின்மேல் கூரைபோலப் படுக்க வைத்து, காடிஸ் என்னும் நீர்ப்பூச்சியைப் போன்ற ஈ ஒன்றை உருவாக்கினார். நாம் கட்டப்போவது இந்த இரண்டாவது வகையின் சாயலில்தான். ஏனென்றால் தண்ணீரில் விழுந்து சிறகு படிந்து கிடக்கும் ஈசலுக்கு அது மிகவும் நெருங்கி வருகிறது. மான் முடிக்குள் காற்றறைகள் உண்டு. அதுதான் அதன் மிதப்பின் இரகசியம்.

ஆனால் மான் முடியை நாம் தேடிப் போகக் கூடாது. மிளாவும் புள்ளிமானும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றின் முடியோ தோலோ கொம்போ கையில் இருப்பதே குற்றம், யாரோ பழைய வீட்டுப் பரணிலிருந்து எடுத்துத் தந்தாலும் அதே நிலைதான். காட்டுக்கோழியின் கழுத்திறகுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்தில் மெழுகுத் துளி ஒட்டியதுபோன்ற புள்ளிகள் இருக்கும். அந்த இறகுக்காகவே ஐரோப்பியத் தூண்டில்காரர்கள் ஒரு காலத்தில் நம் காட்டுப் பறவையைக் குறிவைத்தார்கள். நமக்கு அது வேண்டாம். வெள்ளாட்டுக் கிடாயின் முதுகில் உள்ள நீண்ட முடியும், வீட்டில் வளரும் நாட்டுச் சேவலின் கழுத்திறகும் போதும். ஆட்டு முடியில் மான் முடியளவு காற்று இல்லை என்பது உண்மைதான். அந்தக் குறையை முடியைக் குறைத்தும், இறகை ஒரு சுற்றுக் கூட்டியும் ஈடுசெய்துகொள்ளலாம்.

சேர்க்க வேண்டிய பொருள்கள்

கொக்கியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள், நானும் தவறினேன். முதன்முதலில், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த கனத்த வரால் கொக்கியில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆறு ஈக்கள் கட்டினேன். ஆறும் சானலில் விழுந்த கணமே கல்லைப்போல அடிக்குப் போயின. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெரியவர், “இரையும் வைக்காம, மிதப்பும் கெட்டாம என்ன தூண்டல் மக்களே?” என்று கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. மிதவை ஈக்கு மெல்லிய கம்பியால் செய்த கொக்கிதான் வேண்டும். இணையக் கடைகளில் டிரை ஃபிளை கொக்கி என்று கேட்டே வாங்க வேண்டும். எண் கூடக்கூடக் கொக்கி சிறிதாகும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கற்றுக்கொள்ள 12ஆம் எண் நல்லது. அதைவிடச் சிறியது கைக்கு அடங்காது; பெரியதில் செய்யும் பிழை கண்ணுக்குத் தெரியாது.

நூலுக்குத் தையல்காரரிடம் உள்ள ஓவர்லாக் நூல் போதும். சாதாரணத் தையல் நூல் பருமனானது. நூலில் பூசத் தேன்மெழுகு ஒரு துண்டு வேண்டும். தேனுக்குப் பெயர்போன மார்த்தாண்டம் பக்கத்தில் இருக்கும்போது அதற்கு அலைய வேண்டியதில்லை. உடலுக்கு, தண்ணீரைக் குடிக்காத இழையாக வேண்டும். பருத்தியும் சணலும் ஆகாது. தண்ணீரைவிட எடை குறைந்த பாலிப்ரொப்பிலீன் கயிற்றின் இழையை விரலால் பிய்த்து, பஞ்சுபோல நுணுக்கிப் பழுப்பு நிறத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். பழுதான சார்ஜர் வயருக்குள் இருக்கும் தலைமுடி போன்ற செம்புக் கம்பியில் ஓர் இழை, நகப்பூச்சு ஒரு குப்பி, கூர்மையான சிறு கத்தரிக்கோல், கொக்கியைப் பிடிக்க ஒரு சிறிய வைஸ். வைஸ் இல்லாவிட்டால், வாயை இறுக்கிப் பூட்டக்கூடிய குறடு ஒன்றை மேசை விளிம்பில் கட்டிவைத்தாலும் வேலை நடக்கும்.

சேவல் இறகைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். பேனும் அந்துப்பூச்சியும் வீட்டுக்குள் வராது. (வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மீன் பையென்று நினைத்து எடுத்துப் பிரித்துவிட்டு எங்கள் வீட்டில் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது.) வயதான சேவலின் கழுத்துப் பின்புற இறகுதான் விறைப்பாகவும் மினுமினுப்பாகவும் இருக்கும். பிராய்லர் கோழியின் இறகு ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும்.

கட்டும் முறை

கொக்கியின் உள்முள்ளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டு, வளைவுப் பகுதியை வைஸில் பிடிக்கவும். முள் இல்லாவிட்டால் மீன் கழன்றுவிடும் என்று புதியவர்கள் பயப்படுவார்கள். தூண்டில் நரம்பு தொய்யாமல் இருந்தால் கழலாது. உங்கள் விரலிலோ காதிலோ ஏறிவிட்டாலும் எளிதாக எடுக்கலாம்.

மெழுகு பூசிய நூலைக் கொக்கியின் கண்ணுக்குப் பின்னால், கண்ணளவு இடம் விட்டுத் தொடங்கி, நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வளைவு ஆரம்பிக்கும் இடம்வரை போகவும். முன்னால் விடும் அந்த இடம் வீணல்ல. தலையும் முடிச்சும் அங்கேதான் வரும், அதை இறகாலும் முடியாலும் நிரப்பிவிட்டால் கடைசியில் நரம்பு நுழையக் கண் இருக்காது. வளைவருகே செம்புக் கம்பியின் ஒரு முனையைக் கட்டி, மீதியைப் பின்னால் தொங்கவிடவும். பிறகு இழைப் பஞ்சை மிகக் கொஞ்சமாக எடுத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் ஒரே திசையில் உருட்டி நூலின்மேல் ஏற்றவும். திரி முறுக்குவது போன்ற வேலைதான். அந்தத் திரியைச் சுற்றிக்கொண்டே முன்னால் வர, பின்பக்கம் மெலிந்தும் முன்பக்கம் சற்றுப் பருத்தும் ஓர் உடல் உருவாகும். கொக்கித் தண்டின் நீளத்தில் முன்பக்கக் கால் பங்கைச் சிறகுக்கு ஒதுக்கி, அங்கே நிறுத்திவிட வேண்டும்.

இப்போது இறகு. இழைகளின் நீளம் கொக்கியின் வாய் அகலத்தைப்போல (தண்டுக்கும் கூர்முனைக்கும் இடையே உள்ள தூரம்) ஒன்றரை மடங்கு இருக்கும் இறகைத் தேர்ந்து, அடியில் உள்ள பஞ்சுப் பகுதியை உரித்து எறிந்துவிட்டு, தண்டை உடலின் முன்முனையில் கட்டவும். இறகின் நுனியை ஒரு சிறு கிளிப்பில் பிடித்து, முன்னிருந்து பின்னாக ஐந்தாறு சுற்று இடைவெளி விட்டுச் சுற்றி வளைவுக்கு வாருங்கள். தொங்கிக்கொண்டிருக்கும் செம்புக் கம்பியால் அந்த நுனியை இரண்டு சுற்றில் அமுக்கிப் பிடித்து, கம்பியை இறகுக்கு எதிராகக் குறுக்கே போகும்படி முன்னால் சுற்றிக்கொண்டு வரவும். சுற்றும்போது கம்பியை இடவலமாக மெல்ல அசைத்துக்கொண்டே வந்தால் இழைகள் அமுங்காமல் நிமிர்ந்து நிற்கும். கம்பியை நூலால் கட்டி, மிச்சத்தை வளைத்து ஒடித்துவிடலாம். நல்ல கத்தரிக்கோலைக் கம்பியில் பாழாக்க வேண்டாம். மீனின் பல் பட்டாலும் இறகு அவிழாமல் இருப்பது இந்தக் கம்பியினால்தான்.

சிறகு வைப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. இங்கே நிதானம் வேண்டும். ஆட்டு முடியில் ஒரு சிறு கற்றையை வெட்டி, நுனியைப் பிடித்துக்கொண்டு அடியில் உள்ள குட்டை முடியையும் பொடுகையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சீவி நீக்கவும். பிறகு கற்றையை நுனி கீழே இருக்கும்படி ஒரு பேனா மூடிக்குள் போட்டு மேசையில் நாலு தட்டுத் தட்டினால் நுனிகள் ஒரே சீராக வந்துவிடும். எவ்வளவு முடி என்பதற்கு என் அளவு இது: விரலால் இறுக்கிப் பிடித்தால் தீக்குச்சியின் பாதிப் பருமன். அது போதாது என்று உங்கள் கண் சொல்லும். கேட்காதீர்கள். புதியவர் கட்டும் ஈக்கள் பத்தில் ஒன்பது அதிக முடியால் கெடுகின்றன. சிறகு கனத்தால் ஈ மல்லாந்துவிடும், தலைப்பகுதி கட்டியாகிக் கண் அடைபடும், இறுக்கும்போது நூலும் அறும்.

கற்றையைக் கொக்கியின்மேல் வைத்து, நுனி கொக்கி வளைவின் கடைசிவரை வருமாறு அளக்கவும். ஈசலுக்கென்று கட்டும்போது நான் இன்னும் ஒரு நெல்மணியளவு நீட்டிவிடுவேன், ஏனென்றால் ஈசலின் சிறகு உடலைத் தாண்டி நிற்கும். இனி இடக்கையின் இரு விரலாலும் கற்றையையும் கொக்கியையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்து, விரல் இடுக்கில் நூலைத் தளர்வாக இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு நேர் கீழ்நோக்கி இழுத்து இறுக்கவும். விரலை அதற்கு முன் எடுத்தால் முடி நூலோடு சேர்ந்து உருண்டு கொக்கியின் அடிப்பக்கம் போய்விடும். இறுகியதும் அதே இடத்தில் நாலைந்து அழுத்தமான சுற்றுகள். ஆட்டு முடி வழுக்கும் தன்மை உடையது, ஆகவே இறுகிய அடிப்பகுதியில் நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டு, அது காயும் முன்பே மேலும் மூன்று சுற்றுப் போடுவது என் வழக்கம். முன்னால் துருத்தும் முடியைக் கண்ணுக்குமேல் சிறு குஞ்சம்போல விட்டுச் சாய்வாக வெட்டி, அதன் அடியில் நூலால் மூன்று நான்கு கண்ணிச் சுருக்குப் போட்டு இழுத்து, நூலை அறுத்துவிடவும். முடிச்சில் மட்டும் நகப்பூச்சு படட்டும். கொக்கியின் கண்ணில் பட்டால் ஈரமாக இருக்கும்போதே ஓர் இறகுத் தண்டை நுழைத்துத் துடைத்துவிடுங்கள்.

கட்டிய ஈயை ஆற்றுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு சருவத்தில் தண்ணீர் நிறைத்து, ஓரடி உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். நல்ல ஈ இறகு நுனிகளின்மேல் நின்று, சிறகு மேலே இருக்க, கொக்கி வளைவு தண்ணீரைத் தொட்டுக்கொண்டு இருக்கும். தண்ணீரின் தோல் அந்த நுனிகளுக்கு அடியில் லேசாகக் குழிந்திருப்பதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் காணலாம். கீழேயிருந்து மீன் பார்ப்பதும் அந்தக் குழிகளின் ஒளியைத்தான். பத்து முறை போட்டதில் ஏழெட்டு முறை நிமிர்ந்து விழுந்தால் போதும். பக்கவாட்டில் சாய்ந்துகொண்டே இருந்தால் முடி அதிகம், அல்லது சிறகு ஒருபுறமாக உருண்டிருக்கிறது. பிளேடால் அறுத்து எடுத்துவிட்டு, கொக்கியை மீண்டும் பயன்படுத்துங்கள்.

கம்பும் நரம்பும்

ரீலும் கனத்த லைனும் கொண்ட ஃபிளை ராடு விலை மிகுந்தது. வீசப் பழகவும் நாளாகும். தொடங்குபவருக்கு நான் சொல்வது, பன்னிரண்டு அடி அளவுள்ள மெல்லிய மடக்குக் கம்பு. அதன் நுனியில் 0.30 மில்லிமீட்டர் பருமனுள்ள நரம்பு, எங்கள் பக்கத்துப் பேச்சில் தங்கூசு, பத்தடி. அதன் முனையில் 0.15 மில்லிமீட்டர் நரம்பு மூன்றடி. அதன் முனையில் ஈ. மிதப்பும் ஈயமும் கிடையாது. ஈக்கு எடையே இல்லாததால் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நரம்பின் எடைதான். அதனால்தான் பருமனான பகுதி கம்புப் பக்கமும் மெல்லியது ஈப் பக்கமும் இருக்க வேண்டும். கம்பைத் தலைக்குமேல் நிமிர்த்தி, நரம்பு பின்னால் நீளும்வரை ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு முன்னால் கொண்டுவந்து கண் உயரத்துக்குச் சற்று மேலே சட்டென்று நிறுத்தவும். முன்கை மட்டுமே வேலை செய்ய வேண்டும். பின்னால் தென்னையோ ரப்பர் கிளையோ ஆள் நடமாட்டமோ இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்காமல் ஒருபோதும் வீசாதீர்கள். படித்துறையில் குளிப்பவர்கள் இருந்தால் அங்கே வீசவே வேண்டாம். கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம்.

எங்கே, எப்போது

தோவாளைச் சானல், அனந்தனாறு சானல், புத்தனாறு சானல் ஆகியவற்றில் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீர் ஓடும் மாதங்களே இதற்கேற்ற காலம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மாவட்டத்துக்குக் கிடைப்பதால் ஆண்டில் இருமுறை ஈசல் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. ஆனால் மழை கொட்டிச் செம்மண் கலங்கி ஓடும் நாளில் மீனுக்கு மேல்பரப்பு தெரியாது. தண்ணீர் தெளியத் தொடங்கும் மூன்றாம் நாள் போகலாம். காற்று இன்னொரு தடை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் ஆனி ஆடிக் காற்றில், காற்றாலை சுற்றும் முப்பந்தல் பக்கம் இந்த ஈயை வீச நினைப்பது வீண். விடியற்காலையில் முடித்துக்கொள்ளுங்கள், அல்லது ரப்பர் தோட்டம் மறைக்கும் குலசேகரம் பக்கம் போங்கள்.

குளங்களையும் அணைகளையும் பொறுத்தவரை மீன்பிடிக்கும் உரிமை பெரும்பாலும் குத்தகையில் இருக்கும். குத்தகைக்காரரிடம் கேட்காமல் கரையில் நிற்க வேண்டாம். மலைப் பகுதியில் பெரும்பரப்பு கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருவது, அங்கே மீன்பிடித்தல் கூடாது. மலையடிவாரத் தண்ணீரில் அணை திறந்தால் நீர் சட்டென்று ஏறும் என்பதையும், பாறையில் பாசி இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்த மீன் வரும்? நீலக்கோடு ஓடும் சின்னஞ்சிறு மலபார் டானியோ முதலில் வந்து மோதும். அதன் வாய்க்கு 12ஆம் எண் பெரிது, 16 வேண்டும். கெண்டை வகைகள் சட்டென்று பறிக்கும். சிலேபி மெதுவாக வந்து, ஈயின் அடியில் நின்று யோசித்து, உதட்டால் உறிஞ்சும்.

மிதக்கவிடுதல்

மீன் எழுந்த வட்டத்தின்மேல் ஈயை வீசாதீர்கள். அதற்கு மூன்று நான்கடி மேலே, ஒழுக்கு வரும் திசையில் விழவைத்து, தண்ணீரே அதைக் கொண்டுபோகட்டும். கம்பை உயர்த்திப் பிடித்து, நரம்பின் கடைசி ஓரடி மட்டும் தண்ணீரில் படும்படி பார்த்துக்கொண்டால் ஈ இழுபடாது. இழுபடுகிறதா என்று அறிய எளிய வழி, பக்கத்தில் மிதந்து வரும் ரப்பர் இலையைப் பார்ப்பது. இலையும் ஈயும் ஒரே வேகத்தில் வந்தால் சரி. ஈக்குப் பின்னால் கோடு விழுந்தால், எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் மீன் விலகிவிடும். தொடாமல் போன ஈயைக் குறைசொல்லி நிறம் மாற்றிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு உண்மையில் மாற்ற வேண்டியது நிற்கும் இடம்தான். இரண்டடி முன்னே நகர்ந்தால் தீர்ந்துவிடும். ஓட்டத்தின் கடைசியில் மட்டும் கம்பு நுனியை ஒரு துடிப்புத் துடிக்கவைக்கலாம். ஈசல் சாகும்முன் அப்படித் துள்ளும்.

மீன் எடுத்ததும் வெட்டி இழுக்காதீர்கள். கெண்டைக்குக் கம்பை உடனே, ஆனால் மென்மையாக உயர்த்த வேண்டும். சிலேபிக்கு அது வாயை மூடித் தலையைத் திருப்பும்வரை பொறுத்து உயர்த்த வேண்டும். அந்த ஒரு விநாடியைப் பொறுக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு பருவம் பிடித்தது. நாட்டு மீனைக் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீரிலேயே கழற்றி விட்டுவிடுங்கள். 1952இல் இந்தியாவுக்கு வந்து குளங்களையெல்லாம் பிடித்துக்கொண்ட சிலேபியைக் குழம்புக்கு எடுத்துப் போவதில் தயக்கம் வேண்டாம்.

ஒரு மீனுக்குப் பிறகு ஈ மூழ்கத் தொடங்கும். தெளிந்த நீரில் அலசி, பருத்தித் துணியில் வைத்து அழுத்தி எடுத்து, வீசும் பாவனையில் நாலைந்து முறை காற்றில் ஆட்டி உலர்த்தி, கடுகளவு வேஸ்லினை விரலில் தேய்த்துப் பாதி உருகியதும் இறகிலும் சிறகிலும் தடவினால் மறுபடியும் மிதக்கும். கடுகளவுக்கு மேல் போனால் இழைகள் ஒட்டிக்கொண்டு மிதப்பு போய்விடும். வீட்டுக்கு வந்ததும் ஈக்களை மூடிய டப்பாவில் போடாதீர்கள்; நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் ஒரே இரவில் கொக்கி துருவேறிவிடும். தெர்மகோல் துண்டில் குத்தி, மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு விட்டு, மறுநாள் ஒரு நாப்தலீன் உருண்டையோடு டப்பாவில் எடுத்து வையுங்கள்.